கழுதைமுதுகில் ஓர் இடைவெளி

லாரல் பெஞ்ச்
பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கைதிகள் முகாம் வாசல் வரைக்கும் வந்தேன். அங்கே இருந்த காவலர் சந்திப்புப் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன் பேரு போன மாசம் வரைக்கும் இருந்துச்சும்மா. அவரே எடுத்துட்டாரு போல" என்றார். உனக்குக் கொண்டுவந்த சோளமாவுத் தமாலேயைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து நானே தின்றேன். அம்மா செய்வது மாதிரி வரவில்லை. மாவில் உப்பு கூடிவிட்டது.

நான் பள்ளியை விட்டதை அம்மா உனக்கு எழுதியிருப்பாள். அதற்காக நீ கோபப்பட்டிருந்தால், காரணத்தையும் கேட்டுக்கொள். நீ செய்தது எல்லாருக்கும் தெரியும். தீயில் எரிந்த வீடுகளில் புகுந்து செம்புக் குழாய் அறுத்தவனின் தங்கை என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. எனக்குத்தான் முன்பே நாலு பேர் இருந்தால் வாய் திறக்காதே. அதன் பிறகு பள்ளியில் மூச்சு விடுவதே சத்தமாகக் கேட்டது.

அம்மா ஸ்டாக்டனில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை. ஆட்டுக்காரி இனாசியா அம்மாவின் ஆடுகளோடு கழுதைமுதுகு மேட்டில் இருக்கிறேன். டிரெய்லரில் படுக்கை. காவலுக்கு பிம்பா என்று ஒரு வெள்ளை நாய், என்னைவிடப் பெரியது. மின்வேலி போட்டு ஆடுகளை உள்ளே விட்டால், இரண்டு மூன்று நாளில் புதரெல்லாம் எலும்பாகிவிடும். பிறகு வேலியைப் பிடுங்கி அடுத்த துண்டில் போடவேண்டும். தொட்டாலே உடம்பு அரிக்கிற இலையைக்கூட அதுகள் மிட்டாய் மாதிரித் தின்கின்றன.

இந்த வேலையும் உன் வேலையும் ஒன்றுதான் என்று வந்த பிறகுதான் தெரிந்தது. தீ தாண்டாதபடி ஊருக்கு மேலே புதரை நீக்கித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். கிழக்கிலிருந்து என் ஆடுகள் தின்றுகொண்டு வரவேண்டும். மேற்கிலிருந்து உங்கள் முகாம் ஆட்கள் ரம்பத்தால் வெட்டிக்கொண்டு வரவேண்டும். ஜூன் வாக்கில் பழைய தண்ணீர்த் தொட்டி அருகே இரண்டும் சேரும் என்று ஊர்த் தீக்கமிட்டி வென்டல் சொன்னார்.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் உங்கள் ஆரஞ்சுச் சட்டைகள் புள்ளிகளாகத் தெரிகின்றன. அதில் எது நீ என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முன்னால் ரம்பம் பிடித்துப் போகிறவன் நீதான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் தங்கை
இசெலா

---

முகாம்
பிப்ரவரி 20

இசெலா,

முன்னால் போகிறவன் நான்தான். பார்க்காதே.

சந்திப்புப் பட்டியலில் உன் பெயரை நான்தான் எடுத்தேன். கடைசித் தடவை நீ வந்தபோது எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாய். முதுகில் 'கைதி' என்று எழுதியிருக்கும். முன்பக்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நீ அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாய். போதும்.

பள்ளியைப் பற்றி எனக்குச் சொல்ல உரிமை இல்லை. அதனால் சொல்லவில்லை.

உன் ஆடுகளை நாங்களும் பார்க்கிறோம். என் பின்னால் வெட்டிய கிளையை இழுத்துப் போடுகிறவன் பெயர் டெஷான். "உன் தங்கச்சி ஆளுங்க வேலைய பாருடா. சம்பளம் கெடையாது, சங்கிலி கெடையாது, நம்மள விட வேகம்" என்கிறான். எங்களுக்கும் சம்பளம் ஏறக்குறைய ஆட்டுச் சம்பளம்தான். ஆனால் இங்கே ஒரு நாள் வேலை செய்தால் தண்டனையில் இரண்டு நாள் கழிகிறது. காற்று இருக்கிறது. சுவர் இல்லை. உள்சிறையில் இருந்தவனுக்குத்தான் அது என்னவென்று தெரியும்.

கோடு சேரும்போது பேசலாம் என்று கணக்குப் போடாதே. வேலை இடத்தில் குடும்பத்தாரோடு பேசினால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் குழுவை நடத்துகிற கேப்டன் நல்ல ஆள். அதற்காக விதி மாறாது.

மலைச்சிங்கம் நடமாட்டம் இருக்கிறது. போன வாரம் காலடி பார்த்தோம். நாயை உள்ளே படுக்க வைக்காதே. வெளியே விடு.

ரமிரோ

---

லாரல் பெஞ்ச்
மார்ச் 15

அன்புள்ள அண்ணா,

பேச மாட்டேன். பார்க்க மட்டும் செய்வேன். நீ தொட்டி வரை வந்து ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வை துடைத்தால் போதும். அதற்கு விதி இருக்காது.

ஆனால் இப்போது வேறு பிரச்சினை. வென்டல் நேற்று மேட்டுக்கு ஏறி வந்தார். கையில் பெரிய காகிதக் கட்டு. மாநில பட்ஜெட்டாம். முழுதும் இல்லை, காடு, தண்ணீர், தட்பவெப்பம் பற்றிய பகுதி மட்டும். மூச்சு வாங்கிக்கொண்டே என் டிரெய்லர் படியில் உட்கார்ந்து ஒரு பக்கத்தை விரித்தார்.

"பட்ஜெட்ல துண்டு விழுது. ஜனவரியில கவர்னர் குடுத்த வரைவு இது. உங்க அண்ணன் இருக்கற முகாமை மூடறாங்க. ஆடு மேய்க்கக் குடுக்கற மானியத்த 'ஒத்திவைப்பு'ன்னு போட்டிருக்கான். ஒத்திவைப்புன்னா இல்லைன்னு அர்த்தம்."

நான் எட்டிப் பார்த்தேன். முகாமும் ஆடும் ஒரே பக்கத்தில், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருந்தன. நாம் இரண்டு பேரும் ஒரே காகிதத்தில் வந்தது, நீ எனக்கு சைக்கிள் வாங்கித் தந்த ரசீதுக்குப் பிறகு இதுதான்.

"ரெண்டு வருஷமா நல்ல மழை. தீ கொறஞ்சுபோச்சு. உடனே அங்க உக்காந்திருக்கறவனுக்கு, இனிமே தீயே வராதுன்னு நெனப்பு" என்று வென்டல் கையை வீசி மலையைக் காட்டினார். "மழை பெஞ்சா புல்லு வளராதா? இங்க பாரு, இடுப்பு வரைக்கும் நிக்குது. ஆகஸ்ட்ல காஞ்சா இது என்ன செய்யும்? ஒவ்வொரு தடவையும் இதே தப்பு. எரிஞ்ச வருஷம் காச அள்ளிக் கொட்டுவாங்க. பசுமையான வருஷம் புடுங்கிக்குவாங்க."

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். ஏப்ரலில் தலைநகர் சாக்ரமென்டோவில் பட்ஜெட் குழு கூடுகிறது. யார் வேண்டுமானாலும் போய் மைக்கில் சொல்லலாமாம். ஊர்க் கிழவர்கள் ஏழு பேர் போகிறார்கள். "எங்களப் பாத்துப் பாத்து அவங்களுக்குச் சலிச்சுப்போச்சு. நீ முகாம் ஆளோட தங்கச்சி. நீ சொன்னா காதுல விழும்" என்றார்.

வென்டல் வீடும் நீ புகுந்த வீடுகளில் ஒன்று. அது அவருக்கு ஞாபகம் இல்லாமலா என்னைக் கூப்பிடுகிறார்? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

முகாம் மூடிவிட்டால் நீ இந்த மேட்டில் இருக்க மாட்டாய். காலையில் எழுந்ததும் எதிர்ப்பக்கம் பார்ப்பேன். ரம்பச் சத்தம் கேட்டால்தான் காபி போடுவேன். அதுதான் எனக்கு இருக்கிற ஒரே பழக்கம். போகட்டுமா, வேண்டாமா?

இசெலா

---

முகாம்
மார்ச் 24

இசெலா,

போகாதே.

அந்த வென்டலுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் கூரைக்குப் பின்னால் புதர் இருக்கக்கூடாது. வெளி ஆள் வைத்து வெட்டினால் கட்டுப்படியாகாது. நாங்கள் மலிவு. ஊரில் எங்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுக்கிறார்கள், கை ஆட்டுகிறார்கள், சின்னப் பிள்ளைகள் 'நன்றி' என்று அட்டை எழுதி வேலியில் கட்டுகிறார்கள். இந்த ஆரஞ்சுச் சட்டைக்குத்தான் அதெல்லாம். சட்டையைக் கழற்றிவிட்டு அதே தெருவில் நான் நடந்து வந்தால் கதவைச் சாத்துவார்கள்.

இன்னொன்று. இங்கே பேசிக்கொள்கிறார்கள். முகாம் மூடினால், தண்டனை கொஞ்சம் மீதி இருக்கிறவர்களை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பலாமாம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. வீட்டுக்கும் அனுப்பலாம். வடகோடியில் இருக்கிற முகாமுக்கும் அனுப்பலாம். திரும்ப உள்ளேயும் தள்ளலாம்.

ஆகவே யோசி. முகாமை மூடாதீர்கள் என்று நீ கேட்டால், என்னை இங்கேயே வைத்திருங்கள் என்று கேட்கிறாய். என் தங்கை வாயால் அதைக் கேட்க எனக்கு விருப்பம் இல்லை. மூடுங்கள் என்று கேட்டால், அந்த ஊர் உன்னையும் துரத்தும்.

வாயைத் திறக்காதே. அது உனக்குச் சுலபம்தானே.

ரமிரோ

---

லாரல் பெஞ்ச்
ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணா,

போனேன்.

உன் கடிதத்தின் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் போனேன் என்று நினைக்கிறேன்.

இனாசியா அம்மா ஒரு நாள் ஆடுகளைப் பார்த்துக்கொள்ள வந்தார். "பாவாடை போட்டுப் போடி, அங்க எல்லாம் பெரிய மனுஷங்க" என்று அவர் பாவாடையைக் கொடுத்தார். இடுப்பில் நிற்கவில்லை. வேலிக் கயிற்றால் உள்பக்கம் கட்டிக்கொண்டேன்.

வென்டல் காரில் வழி முழுக்க என்னைச் சொல்ல வைத்தார். "என் பேரு இசெலா பர்ராகான், ஊரு லாரல் பெஞ்ச், முகாமை மூடறத எதிர்க்கிறேன்." காருக்குள் நன்றாகவே வந்தது.

கூட்டம் நாள் முழுதும் நடந்தது. நதிமீன், கடல்மட்டம், மின்சாரப் பேருந்து என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். எல்லாவற்றுக்கும் காசு இல்லை என்பதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். அண்ணா, அவர்கள் கெட்டவர்கள் மாதிரி இல்லை. ஒரு உறுப்பினர் மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீவிக்கொண்டிருந்தார். பட்ஜெட்டில் நம் பக்கம் வந்தபோது மேட்டுக்கும் கடற்கரைக்கும் ஒரே போர்வையை இழுப்பது போல இருந்தது. ஒருவர் தலையை மூடினால் இன்னொருவர் கால் தெரிந்தது.

பிறகு பொதுமக்கள் வரிசை. குழுத் தலைவி அம்மா சொன்னார்: "நேரம் ரொம்ப ஆயிடுச்சு. பேரு, ஊரு, ஆதரவா எதிர்ப்பா. அவ்வளவுதான், கதை வேணாம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. கதை என்னிடமும் இல்லையே.

எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றிருந்தார், லாங் பீச்சிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்தவர். பையிலிருந்து ஒரு புதினா மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். "யாருக்காக வந்திருக்க?" என்றார். "அண்ணன்" என்றேன். "எனக்கு மகன்" என்றார். "முகாம் இருக்கணுமா, வேணாமா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன், எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாமல். அவர் மெதுவாகச் சொன்னார்: "ஜெயில்ல ஆளு கொறஞ்சுபோச்சு, அதான் மூடறாங்க. ஆளு கொறஞ்சது நல்லதுதானேடி?"

அவர் மைக்கில் "மூடுறதுக்கு ஆதரவு" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னால் வென்டல் தொண்டையைச் செருமினார்.

என் முறை வந்தது. பேர் சொன்னேன். ஊர் சொன்னேன். புதினா மிட்டாய் பல்லில் இடித்தது.

"ஆதரவா, எதிர்ப்பா கண்ணு?" என்றார் தலைவி அம்மா.

"அந்த வேலை நடக்கணும்" என்றேன். "ஆனா என் அண்ணன் வீட்டுக்கு வரணும். வந்து அதே வேலைய செய்யணும், வெளி ஆளா."

அறையில் யாரோ பேனாவை மூடும் சத்தம் கேட்டது. தலைவி அம்மா காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அது இந்தப் பட்டியல்ல இல்லையேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. "அடுத்தவங்க" என்றார்.

திரும்பும்போது வென்டல் ஹாம்பர்கர் வாங்கித் தந்தார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "குழாய்க்கு இன்சூரன்ஸ் பணம் வந்துருச்சு. அது எனக்குப் பெருசில்ல. எரிஞ்ச வீட்ட நான் வந்து பாக்கறதுக்கு முன்னாடியே அவன் கால் வச்சிருந்தான். சாம்பல்ல அவன் பூட்ஸ் தடம்தான் மொதல்ல இருந்துச்சு."

நான் கேட்டேன், அண்ணா. எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. "அவன் வெளிய வந்தா கமிட்டி வேலைக்கு எடுத்துக்குவீங்களா?"

அவர் ரேடியோவைப் போட்டார்.

இசெலா

---

லாரல் பெஞ்ச்
மே 27

அண்ணா,

இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி எழுது.

மே மாதம் பட்ஜெட்டைத் திருத்துவார்களாம், வரி எவ்வளவு வந்தது என்று பார்த்துவிட்டு. வரி குறைவாக வந்ததாம். திருத்தியதிலும் முகாம் திரும்ப வரவில்லை. வென்டல் தொலைபேசியில் இனாசியா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

நேற்றும் இன்றும் ரம்பச் சத்தம் கேட்கவில்லை. லாரி ரிப்பேராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காபி போடவில்லை.

தொட்டிக்கும் என் வேலிக்கும் நடுவில் கொஞ்சம்தான் மீதி. நீங்கள் விட்ட இடம் இங்கிருந்து தெரியவில்லை. புதர் மறைக்கிறது.

இசெலா

---

வடக்கு முகாம்
ஜூன் 8

இசெலா,

மூடுகிற குழப்பத்தில் ஏப்ரலிலிருந்தே தபால் பிரித்துத் தரவில்லை; உன் கடிதங்கள் பழைய முகாமில் கிடந்து, சுற்றி, இன்றுதான் வந்தன. மூன்றையும் சேர்த்துப் படித்தேன். ஆகவே கோபப்பட நேரம் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பினார்கள், டெஷானை. அவனுக்குச் சில மாதம்தான் மீதி இருந்தது. எனக்கு அதிகம். மாநில எல்லையில் ஒரு மலை இருக்கிறது. அதன் அடியில் இந்த முகாம். இங்கே ஜூனிலும் மூடுபனி. ரம்பம் கிடைக்கவில்லை. புதிதாக வந்தவன் என்பதால் மண்வெட்டி கொடுத்திருக்கிறார்கள்.

கடைசி நாளைச் சொல்கிறேன், புது பட்ஜெட் வருமுன்பே மூடிவிட்டார்கள். தொட்டி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. உன் நாய் குரைப்பது கேட்டது. ஒரு மன்சனிட்டாப் புதர், சிவப்புத் தோல், என் தொடை கனம். பாதி அறுத்திருப்பேன். கேப்டன் மேலே வந்து, கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினார். மெஷினை அணை என்று அர்த்தம். அணைத்தேன். "இன்னையோட முடிஞ்சுது பசங்களா, சாமானை எடுத்துக்கோங்க" என்றார். "இத முடிச்சுட்டு வரட்டுமா கேப்டன்?" என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார்.

லாரியில் மலையிறங்கும்போது அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்ஜெட் குழுக் கூட்டத்தை அவர்கள் படம் பிடித்து வைக்கிறார்களாம், கேப்டன் பார்த்திருக்கிறார். "பாவாடைய ஒரு கையால புடிச்சுக்கிட்டு நின்னுச்சே, பேரு இசெலா பர்ராகான்னு சொல்லிச்சே, அது உன் தங்கச்சியா?" என்றார். ஆமாம் என்றேன். நீ போனதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "எல்லாரும் ஆதரவு, எதிர்ப்புன்னு சொன்னாங்க. அது ஒண்ணுதான் கேக்க வேண்டியதக் கேட்டுச்சு" என்றார்.

பள்ளியில் வருகைப் பதிவுக்கே பதில் சொல்லாமல் கையை மட்டும் தூக்கினவள் நீ. வாயைத் திறக்காதே, அது உனக்குச் சுலபம்தானே என்று எழுதியவன் நான். அந்த வரியைத் திரும்ப எடுக்க வழி இருந்தால் எடுத்துக்கொள்வேன்.

இங்கே சந்திப்புப் பட்டியல் கொடுத்தார்கள். உன் பெயரை எழுதியிருக்கிறேன். வருவதற்கு ஒரு பகல் முழுக்கப் போகும், பேருந்தும் நேராக இல்லை. வர வேண்டாம். ஆனால் பெயர் இருக்கட்டும்.

ரமிரோ

---

லாரல் பெஞ்ச்
ஜூலை 6

அன்புள்ள அண்ணா,

மாத முதல் தேதியிலிருந்து புதுப் பட்ஜெட். ஆட்டு மானியம் நின்றுவிட்டது. இனாசியா அம்மா ஆடுகளைக் கீழே திராட்சைத் தோட்டத்துக்கு அனுப்புகிறார். அங்கே களை தின்னக் காசு கொடுக்கிறார்களாம். நானும் அதுகளோடு போகிறேன். ஸ்டாக்டனுக்கு அம்மா கூப்பிடுகிறாள். இன்னும் பதில் எழுதவில்லை.

"லாரி வர்ற வரைக்கும் முகாம் ஆளுங்க விட்ட அந்த இடைவெளிய மேய்க்கட்டுமா?" என்று இனாசியா அம்மாவிடம் கேட்டேன். "எவன்டி காசு குடுப்பான்?" என்றார். யாரும் இல்லை என்றேன். "ஆட்டுக்கு எங்க நின்னாலும் தீனிதான். போ" என்றார்.

வேலியைத் தொட்டியைத் தாண்டி இழுத்துப் போட்டேன். தொட்டியில் தண்ணீர் கிடையாது. இரண்டாம் நாள் வென்டல் தன் வண்டியில் பீப்பாய்களோடு வந்தார். "இது கமிட்டி தண்ணி இல்ல. என் கிணத்துத் தண்ணி" என்று சொல்லிவிட்டு இறக்கி வைத்தார். நான் நன்றி சொல்வதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் ஆடுகள் கடைசிப் புதரை வழித்துத் தின்றபோது மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. அங்கிருந்து நீங்கள் வெட்டிய கோடு நேராக, அகலமாக, மேற்கே சரிவு முழுக்கப் போகிறது. இவ்வளவு செய்திருப்பீர்கள் என்று எதிர்ப்பக்கத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. யாரும் இல்லை. ஆடுகள் மட்டும் அதில் நடந்து போய் நின்று, தின்ன ஒன்றும் இல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தன.

உன் மன்சனிட்டா நிற்கிறது. ஆடுகள் கீழ் இலையைக் கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டன. வெட்டு பாதியில் நிற்கிறது. அதற்குள் என் விரல் போகிறது.

வென்டல் பீப்பாய் எடுக்க வந்தபோது அதைப் பார்த்தார். "இத ஒண்ண மட்டும் விட்டுட்டானுங்களா? ரம்பம் வண்டியில இருக்கு, ஒரு நிமிஷம்" என்று இறங்கப் போனார்.

"வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"அதுக்கு ஆளு இருக்கு."

அவர் வெட்டைப் பார்த்தார். யார் ரம்பம் என்று அவருக்குப் புரிந்திருக்கும். உன் பூட்ஸ் தடம் காய்ந்த சேற்றில் இன்னும் அதன் அடியில்தான் இருக்கிறது. அதையும் பார்த்தார். சுற்றிலும் வெறும் தரை. "இந்த ஒத்தைச் செடியப் புடிச்சுக்கிட்டு எந்தத் தீயும் தாண்டாது" என்றார், எனக்கா தனக்கா என்று தெரியவில்லை. பீப்பாய்களை ஏற்றினார். கதவைச் சாத்திய பிறகு கண்ணாடியை இறக்கி, "அடுத்த வருஷமா வரான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ரேடியோ போடவில்லை.

நாளைக் காலை லாரி வருகிறது. பிம்பாவை முன்னால் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆடுகள் ஏறாது. திராட்சைத் தோட்டத்தின் முகவரி பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

பாதி வெட்டுக்கு மேலே இலை இன்னும் பச்சையாக இருக்கிறது, அண்ணா.

உன் தங்கை
இசெலா